சீனியின் தலைக்கயிறு

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். கிள்ளானிலிருந்து பந்திங் போகிற சாலையில் குதிரை வைத்திருப்பவர்கள், புல் விற்பவர்கள், லாடம் அடிப்பவர்கள், யாரைக் கேட்டாலும் சந்திரகலாவின் வாய்க்கு எதிரே நிற்க முடியாது என்பார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் உண்டு. அந்த வாயால்தான் அய்யாவு அண்ணனின் பெயரைக் கெடுத்தேன். தப்பு அவர் செய்ததல்ல, நான் செய்தது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சொல்ல வேண்டிய நேரத்தில் சொல்லாமல் எழுபது நாள் இருந்துவிட்டேன்.

செம்பனை வெட்டிய நிலத்தில் ஒன்பது குதிரைகளோடு ஒரு சவாரிப் பள்ளி நடத்துகிறேன். சனி ஞாயிறுகளில் சுபாங் ஜெயாவிலிருந்தும் செராஸிலிருந்தும் பெற்றோர்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். பிள்ளைகள் குதிரை ஏறுவார்கள், பெற்றோர்கள் கொசு கடிக்கிறது என்பார்கள். லாயத்தின் நடுவே ஒரு கால்வாய் ஓடும், எங்கள் பேச்சில் லோங்காங். அந்தப் பக்கம் ஐந்து குதிரை, இந்தப் பக்கம் நான்கு. ஒன்பதையும் பார்த்துக்கொண்டவர் அய்யாவு அண்ணன். குதிரைப் பந்தயத் திடலில் இருபத்திரண்டு வருடம், என்னிடம் ஒன்பது வருடம். ஐம்பத்தெட்டு வயது. ஒரு நாளைக்குப் பத்து வார்த்தை பேசினால் அதிகம். அந்தப் பத்திலும் ஆறு குதிரைக்குப் போய்விடும். என்னைத் தங்கச்சி என்று கூப்பிடுவார்.

சீனி எங்கள் லாயத்தில் நின்ற பெண் குதிரை. வழக்கறிஞர் முகுந்தனுக்குச் சொந்தம். தாளில் அவளுக்கு நாலு வார்த்தையில் ஓர் ஆங்கிலப் பெயர் இருந்தது. அய்யாவு அண்ணன்தான் சீனி என்று வைத்தார், அவள் தின்கிற கருப்பட்டிக்காக. பதினேழு வயதில் சினையாக இருந்தாள். குட்டிக்கு அப்பனான ஆண் குதிரை அவளுக்குச் சினை பிடித்த கொஞ்ச நாளிலேயே வயிற்று வலி கண்டு செத்துப்போனது. இந்த வயதில் இன்னொரு முறை அவளைச் சினைப்படுத்த டாக்டர் ஒப்பமாட்டார். ஆக, இதுதான் அவளுக்குக் கடைசிக் குட்டி. முகுந்தன் வாரத்துக்கு இரண்டு முறை வந்து அவள் வயிற்றைத் தடவிவிட்டுப் போவார்.

அக்டோபர் தொடக்கத்தில் டைகர் என்கிற குதிரை ஒரு போட்டிக்குப் போய்விட்டு லோரியில் திரும்பி வந்தது. மூன்றாம் நாள் இருமியது. நான்காம் நாள் மூக்கு ஒழுகியது. அய்யாவு அண்ணன் காய்ச்சல் பார்த்துவிட்டு, "நாப்பதுக்குக் கிட்ட இருக்கு தங்கச்சி, டாக்டரைக் கூப்பிடுங்க" என்றார்.

டாக்டர் ஐங்கரன் பிரிக்பீல்ட்ஸ்காரர். அவருடைய தாத்தா யாழ்ப்பாணத்திலிருந்து வந்து ரயில்வேயில் கிளார்க்காக இருந்தவர். பேரன் குதிரை டாக்டர். நிதானமாகத்தான் பேசுவார், கெட்ட செய்தியையும். டைகரின் மூக்கில் நீளமான பஞ்சுக்குச்சியை விட்டுச் சளி எடுத்துக்கொண்டு போனார். மறுநாள் முடிவோடு வந்தார்.

"குதிரைக்கு வர்ற ஹெர்பீஸ் வைரஸ். மனுஷருக்கு ஒட்டாது, பயப்படாதீங்க. மூச்சுக்குழாயிலதான் தொடங்கும். காய்ச்சல், சளி, இருமல். டைகர் ரெண்டு வாரத்துல எழும்பிடுவான். எனக்குக் கவலை அவன் இல்லை" என்று கால்வாய்க்கு இந்தப் பக்கம் பார்த்தார். "சினையா இருக்கிறதுக்கு வந்தா இது மூக்கோட நிக்காது. கர்ப்பப்பைக்குப் போயிடும். குட்டி விழுந்திடும். காய்ச்சல் விட்டு ஒரு மாசம், ரெண்டு மாசம் கழிச்சும் விழலாம். முன்கூட்டி ஒண்ணும் காட்டாது. காலையில வந்து பார்த்தா கீழே கிடக்கும்."

"ஊசி போட்டிருக்கோமே டாக்டர்?"

"ஊசி உதவும். ஆனா கேரண்டி இல்லை லா."

அன்றைக்கே லாயம் இரண்டாகப் பிரிந்தது. அந்தப் பக்கத்துக் குதிரைகள் டைகரோடு பக்கத்துப் பக்கத்தில் நின்றவை என்பதால் ஐந்தும் நோய்ப் பக்கம். அதை அய்யாவு அண்ணன் மட்டும் பார்க்க வேண்டும். சீனி நிற்கிற இந்தப் பக்கத்தை நான் மட்டும் பார்க்க வேண்டும். வாளி வேறு, துடைப்பம் வேறு, துணி வேறு. கால்வாயைக் கடக்கப் போட்டிருந்த பலகைக்கு இரண்டு பக்கமும் கிருமிநாசினித் தட்டு, பூட்ஸை நனைத்துக்கொள்ள. சவாரி வகுப்பை நிறுத்தினேன். பெற்றோர்களுக்குச் செய்தி அனுப்பினேன்.

அய்யாவு அண்ணனுக்கு இதில் ஒரே கஷ்டம், சீனியைத் தொட முடியாதது. சாயங்காலம் வேலை முடிந்ததும் கால்வாய் ஓரம் வந்து நிற்பார். இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பார். சீனி அவரைப் பார்த்துத் தலையை ஆட்டி, முன்காலால் தரையைத் தட்டுவாள். "நாளைக்கு, நாளைக்கு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார். நான் இதை ஒவ்வொரு நாளும் பார்த்தேன். இதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

பிறகு ஆயுத பூஜை வந்தது.

என் லாயத்தில் ஆயுத பூஜையை ஒரு வருடமும் விட்டதில்லை. நீள மேசை போட்டு, வெள்ளைத் துணி விரித்து, சேணம், கடிவாளம், தலைக்கயிறு, குளம்பு சுரண்டுகிற கொக்கி, வைக்கோல் அள்ளுகிற கவை, லோரிச் சாவி எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இடுவோம். அப்புறம் குதிரைகள் நெற்றியிலும் பொட்டு வைப்போம். இந்த வருடம் குதிரைக்குப் பொட்டு கிடையாது என்று நானே முடிவு செய்தேன். நோய் நேரத்தில் குதிரையைத் தொடக்கூடாது, சாமான்களுக்கு மட்டும் பூஜை. என் புத்திசாலித்தனத்தை நானே மெச்சிக்கொண்டேன்.

அன்று காலை அய்யாவு அண்ணன் வீட்டுப் பூஜைக்காக பிரிக்பீல்ட்ஸ் போயிருந்தார். மத்தியானம் வருவதாகச் சொல்லியிருந்தார். நான் தனியாக மேசையை அலங்கரித்தேன். முடித்துவிட்டுப் பார்த்தால் மேசை பாதிதான் நிறைந்திருந்தது. அந்தப் பக்கத்து ஐந்து குதிரைகளின் சாமான் ஒன்றுகூட இல்லை. எனக்கு மனசு கேட்கவில்லை. சாமி பார்வை அதிகம் வேண்டியது சீக்காகக் கிடப்பவர்களுக்குத்தானே, அவர்களை விட்டுவிட்டு நல்லா இருப்பவர்களுக்கு மட்டும் என்ன பூஜை என்று தோன்றியது.

பலகையைத் தாண்டி அந்தப் பக்கம் போனேன். போகும்போது தட்டில் பூட்ஸை நனைத்தேன். ஆணியில் மாட்டியிருந்த ஐந்து தலைக்கயிறுகளையும் எடுத்துக்கொண்டு திரும்பினேன். திரும்பும்போதும் தட்டில் நனைத்தேன், ஒரு காலுக்கு மூன்று முறை. காலை அவ்வளவு சுத்தமாகக் கழுவியவள் கையில் ஐந்து தலைக்கயிறுகள் தொங்கிக்கொண்டிருந்தன.

டைகருடைய கயிற்றில் சளி காய்ந்து ஒட்டியிருந்தது. ஈரத்துணியால் துடைத்தேன். சாமி மேசைக்கு அழுக்காகப் போகலாமா? அதே துணியால் மற்றதையும் துடைத்தேன், சீனியுடையதையும் சேர்த்து. ஒரே கிண்ணத்துச் சந்தனத்தை ஒரே விரலால் ஒன்பது கயிற்றுக்கும் வைத்தேன். சூடம் காட்டிக் கும்பிட்டேன். சீனிக்குக் குட்டி நல்லபடியாகப் பிறக்க வேண்டும் என்றுதான் வேண்டிக்கொண்டேன், வேறொன்றும் கேட்கவில்லை. பூஜை முடிந்த கையோடு அவளுடைய கயிற்றை அவள் முகத்தில் மாட்டினேன். படைத்த வாழைப்பழத்தை உரித்து என் கையாலேயே ஊட்டினேன். மற்ற ஐந்தையும் கொண்டுபோய் அந்தந்த ஆணியில் மாட்டிவிட்டு வந்தேன். மனசு நிறைவாக இருந்தது.

பூஜை முடிந்து ஒன்பதாம் நாள் காலை சீனிக்குக் காய்ச்சல், முப்பத்தொன்பதரை. இரண்டு முறை பார்த்தேன். தெர்மாமீட்டரை உதறி மூன்றாவது முறையும் பார்த்தேன். அவள் மூக்கிலிருந்து தண்ணீர் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

டாக்டரும் வந்தார், முகுந்தனும் வந்தார். மூக்கில் குச்சி விட்டு எடுத்த பிறகு ஐங்கரன் என்னைப் பார்த்துக் கேட்டார்.

"காத்துல இவ்வளவு தூரம் வர்றது கஷ்டம். கை, துணி, சாமான், ஏதாவது ஒண்ணு கடந்திருக்கு. அந்தப் பக்கத்துச் சாமான் ஏதாவது இங்க வந்துச்சா?"

அந்தக் கேள்விக்கும் என் பதிலுக்கும் நடுவே வெள்ளைத் துணி விரித்த மேசை என் கண் முன்னால் வந்து நின்றது. தெரியாமல் சொன்னேன் என்று சொல்லித் தப்பித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. நன்றாகத் தெரிந்தது. முகுந்தன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார், அவர் முகம் வெளுத்துப்போயிருந்தது. என் வாய் என்னை முந்திக்கொண்டது.

"சாமான் ஒண்ணும் வரல டாக்டர். அய்யாவு அண்ணனுக்கு சீனின்னா உசுரு. பார்க்காம இருக்க முடியாம வந்து தொட்டிருப்பாரு."

அதோடாவது நின்றிருக்கலாம். மற்ற லாயக்காரர்களை எச்சரிக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், எங்கள் வட்டாரக் குதிரைக்காரர்களின் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டேன். அறுபத்து மூன்று பேர் இருக்கிற குழு. வைரஸ் என்ன, அறிகுறி என்ன, யார் எங்கே லோரி அனுப்பக்கூடாது என்பதையெல்லாம் ஒழுங்காகச் சொல்லிவிட்டு, கடைசியில், "வேலையாளுங்ககிட்ட கண்டிப்பா இருங்க. எங்க அய்யாவு அண்ணே பாசத்துல போய்த் தொட்டு, சினைக் குதிரைக்கு ஒட்டிக்கிச்சு" என்றும் சேர்த்தேன்.

அந்தக் குழுவில் அய்யாவு அண்ணனும் இருந்தார். நான் அனுப்பிய ஒரு நிமிடத்துக்கெல்லாம் கால்வாய்க்கு அந்தப் பக்கத்திலிருந்து என் குரல் எனக்கே கேட்டது. அவர் போனைக் காதில் வைக்காமல் உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கேட்டார். ஒரு முறைதான் கேட்டார்.

பிறகு பூட்ஸைக் கழட்டிக் கழுவிக் கவிழ்த்து வைத்தார். சாவியை ஆணியில் மாட்டினார். என்னிடம் வந்து, "டைகருக்கு இன்னும் மூணு நாள் மருந்து இருக்கு மேடம்" என்றார். ஒன்பது வருடத்தில் முதல் முறையாக மேடம். மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன பிறகு நான் வேலை செய்தேன். வேறென்ன செய்ய? நோய் இரண்டு பக்கமும் வந்துவிட்டதால் இனிப் பிரித்து வைத்துப் பயனில்லை என்று டாக்டர் சொல்லிவிட்டார். பக்கத்துத் தோட்டத்து ராஜன் காலையில் இரண்டு மணி நேரம் வந்து சாணி அள்ளிக் கொடுத்தார். மிச்சமெல்லாம் நான். என் இடுப்பு என்னைத் திட்டியது. டாக்டர் சொன்னபடி டைகர் எழும்பிவிட்டான். ஒவ்வொரு குதிரையாக இருமி, ஒவ்வொன்றாகத் தேறியது. சீனிக்கும் நாலு நாளில் காய்ச்சல் விட்டது. பார்த்தால் சீக்கு வந்த குதிரை என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

அதுதான் பயம். தினமும் விடிந்ததும் அவள் அறைக்குப் போவேன். கதவுக்கு வெளியே ஒரு நொடி நின்று, கண்ணை மூடிக்கொண்டு, அப்புறம்தான் வைக்கோலைப் பார்ப்பேன். கீழே ஒன்றும் கிடக்காது. சீனி தின்றுகொண்டே என்னை நிமிர்ந்து பார்ப்பாள், பிறகு எனக்குப் பின்னால் பார்ப்பாள். வேறு யாரோ வருகிறார்களா என்று பார்ப்பாள். கருப்பட்டியை என் கையில் நீட்டினால் முகர்ந்துவிட்டு விட்டுவிடுவாள்.

நவம்பர் போனது, தீபாவளி போனது. சொல்லிவிடலாம் என்று தினமும் நினைத்தேன். முகுந்தன் வரும்போதெல்லாம், "நீங்க ஒருத்தரா இவ்வளவும் பார்க்கிறீங்களே" என்று உருகுவார். அந்த நேரத்தில் எப்படிச் சொல்வது? குட்டி பிறந்தபின் சொல்லலாம் என்று தள்ளினேன். குட்டி விழுந்துவிட்டால் பிறகு சொல்லவே வேண்டாம், அதுவும் ஒரு ஓரத்தில் ஓடியது. இதை எழுதும்போது எனக்கு அசிங்கமாக இருக்கிறது.

டிசம்பர் கடைசியில் டாக்டர் சீனியைப் பார்க்க வந்தார். வயிற்றில் கருவியை வைத்துக் குட்டியின் இதயத் துடிப்பைக் கேட்டுவிட்டுத் திருப்தியாகத் தலையாட்டினார். கையைக் கழுவிக்கொண்டே சாதாரணமாகச் சொன்னார்.

"உங்க அய்யாவு பாவம். செராஸ் பக்கத்துல ஒரு லாயத்துல ஆள் தேவைன்னு நான்தான் அனுப்பினேன். வேணாம்னுட்டாங்க. நோய் கொண்டு வந்த ஆளாமே, உங்க வாய்ஸ் மெசேஜ் வச்சிருக்காங்க. இன்னும் ரெண்டு இடத்துலயும் அதேதான். இப்ப ஒரு கொண்டோ அடுக்குமாடியில செக்யூரிட்டியா நிக்கிறாரு."

முப்பத்தொரு வருடம் குதிரையைத் தவிர வேறெதையும் தொடாத மனிதர் ஒரு கேட்டைத் திறந்து மூடிக்கொண்டு நிற்கிறார் என்பது என் நெஞ்சில் போய்க் குத்தியது. மறுநாளே கிளம்பினேன்.

பிரிக்பீல்ட்ஸில் கார் நிறுத்த இடம் தேடி மூன்று சுற்று சுற்றினேன். மூன்றாவது சுற்றில் திரும்பிப் போய்விடலாமா என்றுகூட இருந்தது. ஒரு பை ஆரஞ்சுப் பழத்தோடு நாலாவது மாடி ஏறினேன். அவருடைய மகள் வாணி கதவைத் திறந்தாள். என்னைக் கண்டதும் அவள் முகம் இறுகியது, ஆனாலும், "உள்ள வாங்க ஆன்டி" என்றாள். அய்யாவு அண்ணன் சீருடைச் சட்டையை இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார்.

உட்காரச் சொல்லும்வரை காத்திருக்கவில்லை. நின்றுகொண்டே சொன்னேன். "அண்ணே, சீனிக்கு நோய் கொண்டுபோனது நீங்க இல்ல. நான்தான். ஆயுத பூஜை அன்னைக்கு நீங்க இல்லாதப்ப அந்தப் பக்கம் வந்து..."

"தெரியும்" என்றார்.

இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"டைகர் தலைக்கயித்துல சந்தனம் இருந்துச்சு. அன்னைக்கு மத்தியானம் வந்தப்பவே பார்த்தேன். நான் வைக்கல. அந்த எடத்துல நம்ம ரெண்டு பேரைத் தவிர வேற யாரு இருக்கா?"

"அப்பவே ஏண்ணே கேக்கல?"

"கேட்டிருக்கணும். சாமி காரியம், சந்தனம் வச்சது தப்புன்னு எப்படிச் சொல்றதுன்னு வாய் வரல. அஞ்சு கயித்தையும் மருந்துத் தண்ணியில ஊறப்போட்டேன். சீனியோடதும் அதே மேசையில இருந்துச்சான்னு கேக்காம விட்டேன். அது என் தப்பு. அதை நான் ஒத்துக்கிறேன்." அவர் குரல் உயரவில்லை. "ஆனா டாக்டர் கேட்டாரே. நீங்க சொல்லுவீங்கன்னு அந்தப் பக்கமே நின்னேன். பாசத்துல தொட்டேன்னு சொன்னீங்க. நான் லோங்காங் ஓரத்துல கையப் பின்னால கட்டிக்கிட்டு நின்னதைத் தெனம் பார்த்தவங்க நீங்க. பார்த்துட்டும் சொன்னீங்க."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் அதைப் பார்க்கவில்லை, அல்லது பார்த்தும் கண்டுகொள்ளவில்லை.

"மன்னிச்சிடுங்கண்ணே" என்றேன்.

"என்கிட்ட வந்து சொல்லி என்னா ஆவப்போவுது? எனக்குத்தான் தெரியுமே. யாருகிட்ட சொன்னீங்களோ அவங்ககிட்ட சொல்லுங்க மேடம். எனக்கு வேலைக்கு நேரமாச்சு."

வாணி ஆரஞ்சுப் பையை என் கையில் திருப்பிக் கொடுத்தாள். மரியாதையாகத்தான் கொடுத்தாள்.

லாயத்துக்கு வந்ததும் முதலில் முகுந்தனைக் கூப்பிட்டேன். வாயைத் திறந்து மூச்சு விடாமல் எல்லாவற்றையும் சொன்னேன். முழுவதையும் கேட்டுக்கொண்டார். பிறகு, "அவரையா நாம அப்படிச் சொன்னோம்" என்றார். நாம என்று அவர் சொன்னது என்னைத் திட்டியதைவிட அதிகமாக உறைத்தது. "குட்டி பொறக்கட்டும். அப்புறம் சீனியை எங்க வைக்கிறதுன்னு பேசுவோம்" என்று வைத்துவிட்டார்.

அப்புறம் சீனியின் அறைக்கு எதிரே வாளியைக் கவிழ்த்து அதன் மேல் உட்கார்ந்து, குழுவுக்குக் குரல் பதிவு போட ஆரம்பித்தேன். முதல் பதிவு நான்கு நிமிடம். கேட்டுப் பார்த்தால் முக்கால்வாசி பூசி மெழுகியிருந்தேன், சாமி மேல் பாதிப் பழியும் போட்டிருந்தேன். அழித்தேன். இரண்டாவதில் அழுதிருந்தேன், அதையும் அழித்தேன். ஏழாவதை அனுப்பினேன்.

"சந்திரகலா பேசுறேன். அக்டோபர்ல நான் போட்ட மெசேஜ் பொய். அய்யாவு அண்ணே சீனியைத் தொடவே இல்ல. ஆயுத பூஜைக்கு நான்தான் சீக்குக் குதிரைங்க தலைக்கயித்தை எடுத்துட்டு வந்து, சீனியோட கயித்தோட ஒண்ணா வச்சேன். ஒரே துணியில தொடச்சேன். டாக்டர் கேட்டப்ப எனக்குத் தெரியும். தெரிஞ்சே அவர் மேல போட்டேன். அந்தப் பழைய மெசேஜை வச்சிருக்கவங்க இதையும் வச்சிக்கிங்க. அவருக்கு வேலை இல்லன்னு சொன்னவங்க அவரைக் கூப்பிட்டுப் பேசுங்க."

நீல டிக் ஒவ்வொன்றாக விழுந்தது. யாரும் பதில் போடவில்லை. அந்த அமைதியைப் போல என்னை யாரும் திட்டியதில்லை. அரை மணி நேரம் கழித்து ஐங்கரன் மட்டும், "நன்றி. எல்லாரும் கவனிங்க, தலைக்கயிறும் பூட்ஸ் மாதிரிதான்" என்று எழுதினார். அந்த வாரத்தில் மூன்று குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளை வேறு பள்ளிக்கு மாற்றிவிட்டார்கள். ஒரு அம்மா எதற்கென்று சொல்லியே நிறுத்தினார். நான் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் பேசாததைப் பார்த்து ராஜன், "ஒடம்பு சரியில்லையாக்கா?" என்று கேட்டார்.

அய்யாவு அண்ணனிடமிருந்து ஒன்றும் வரவில்லை. அவர் அதைக் கேட்டாரா என்றுகூடத் தெரியவில்லை.

அந்தப் பதிவு போட்ட பதினோராம் நாள் சீனியின் மடிக்காம்பில் மெழுகு மாதிரித் துளி கட்டியிருந்தது. பிரசவம் நெருங்கிவிட்டது என்று அர்த்தம். டாக்டருக்குப் படம் அனுப்பினேன். "குட்டி உயிரோட வந்தாலும் முதல்ல மூச்சைத்தான் பார்க்கணும். உள்ளேயே வைரஸ் தொட்டிருந்தா நுரையீரல் தாங்காது" என்று பதில் போட்டார். குதிரைகள் பெரும்பாலும் இருட்டில்தான் ஈனும், அதுவும் ஆள் இல்லாத நேரம் பார்த்து. சீனி அன்றிரவு ஈனவில்லை. காலை எட்டு மணிக்கு நான் வைக்கோல் போட்டுக்கொண்டிருந்தபோது வெளியே மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

சத்தத்தைக் கேட்டதும் சீனி தலையைத் தூக்கி, முன்காலால் தரையைத் தட்டினாள்.

அய்யாவு அண்ணன் கவிழ்த்து வைத்த தன் பூட்ஸை எடுத்து மாட்டினார். எண்பது நாளுக்கு மேலாக அதை நான் நகர்த்தவில்லை. குழாயடியில் நின்று முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். என்னிடம், "டாக்டர் போன் போட்டாரு" என்றார். அவ்வளவுதான். அறைக்குள் போனார். சீனி தன் முகத்தை அவர் நெஞ்சில் வைத்து அழுத்தினாள், அவர் ஓர் அடி பின்னால் போய்விட்டார். அவள் வால் அடியையும் மடியையும் பார்த்துவிட்டு, "இன்னைக்கு, இன்னைக்கு" என்று அவளிடம் சொன்னார்.

பத்து மணிக்குச் சற்று முன் சீனி படுத்தாள். நான் கதவுக்கு வெளியே நின்றேன். நான் உள்ளே போகலாமா என்று கேட்கவில்லை, அவரும் கூப்பிடவில்லை. முதலில் இரண்டு குளம்பு வந்தது, வெள்ளைச் சவ்வுக்குள். பிறகு மூக்கு. அய்யாவு அண்ணன் மண்டிபோட்டுக் காத்திருந்தார், இழுக்கவில்லை. தோள் வெளிவந்ததும் மிச்சம் வழுக்கிக்கொண்டு வந்துவிட்டது. பெண் குட்டி, நெற்றியில் கோணலாக ஒரு வெள்ளைக் கோடு.

அவர் சவ்வைக் கிழித்து மூக்கைத் துடைத்தார், புதுத்துணியால். குட்டி அசையவில்லை. அவர் விலாவைத் தேய்த்தார். நான் சாமியைக்கூடக் கூப்பிடவில்லை, எனக்கு அதற்கும் பயமாக இருந்தது. பிறகு குட்டி தும்மியது. ஒரு முறை, இன்னொரு முறை. விலா ஏறி இறங்கியது. நான் எண்ண ஆரம்பித்தேன், எண்ணிக்கொண்டே இருந்தேன்.

டாக்டர் வந்தபோது அது எழுந்து நிற்கப் பார்த்து நாலாவது முறையாக விழுந்திருந்தது. அவர் அதன் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை இரண்டு பக்கமும் நெடுநேரம் வைத்துக் கேட்டார். ரத்தம் எடுத்தார். "மூச்சு கிளியரா இருக்கு. ரிசல்ட் வரட்டும், ரெண்டு மூணு நாள் பார்ப்போம். ஆனா எனக்கு இது நல்ல குட்டியாத்தான் தெரியுது" என்றார். முகுந்தனுக்குப் போன் போட வெளியே போனார்.

குட்டி ஐந்தாவது முறை எழுந்தது. நாலு காலையும் நாலு திசையில் விரித்துக்கொண்டு நின்றது. சீனி அதை நக்கினாள். எனக்கு அதைத் தொட வேண்டும் போல இருந்தது. கதவின் தாழ்ப்பாளில் கை வைத்தேன்.

"மேடம்" என்றார் அய்யாவு அண்ணன், திரும்பிப் பார்க்காமலே. "கை கழுவிட்டு வாங்க."

குழாயடிக்குப் போனேன். சோப்புப் போட்டு முழங்கை வரை கழுவினேன். நக இடுக்கைப் பிரஷ்ஷால் தேய்த்தேன். திரும்ப வந்தபோது அவர் கதவருகே நின்றிருந்தார்.

"காட்டுங்க" என்றார்.

இரண்டு கையையும் நீட்டிக் காட்டினேன். திருப்பியும் காட்டினேன். அவர் பார்த்துவிட்டு, கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார்.